உன் நாவலைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை

இன்று காலை அலுவலகத்தின் மாடிப்படியில் கால் வைத்ததுமே பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அறையைக் காலி செய்வதாக நான் சொல்லிவிட்டதால், கட்டட உரிமையாளர் ஆள் வைத்து மாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்ததாக அங்கே கண் கண்ணாடிக் கடை வரப்போகிறதாம். படி காயட்டும் என்று கீழேயே நின்றேன். நின்ற இடத்தில் நீ வந்துவிட்டாய். இறந்துபோன தோழியின் நினைவு மற்றவர்களுக்கு எதில் வருமோ தெரியாது. எனக்கு நீ பினாயிலில்தான் வருகிறாய். உன் நாவல் அந்த வாடையில்தான் தொடங்குகிறது. வளைகுடாவில் ஒரு விமான நிலையம், விடிவதற்கு முந்திய நேரம், கழிப்பறைத் தரையில் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். அவன் உன் அண்ணன்.

இன்று நம் செய்தி மடலின் கடைசி இதழை அனுப்பவேண்டும். இன்ன எழுத்தாளரின் நூல் இன்ன பதிப்பகத்தில் வருகிறது, இன்னாருடைய கதைகள் இன்ன மொழிக்குப் போகின்றன என்று மாதந்தோறும் பதிப்பகங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அனுப்புவோமே, அதுதான். உட்கார்ந்து எழுத முயன்றேன். மூன்று எழுத்தாளர்களுக்குச் செய்தி இருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை. உனக்கும் இல்லை. மடலை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் பதிப்பக வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்கு வந்து, நாகர்கோவில் கோட்டாற்றில் இந்த அறையைப் பிடித்துப் பலகை மாட்டியபோது, எனக்கு வாய்த்த முதல் எழுத்தாளர் நீ. முதல் உதவியாளும் நீதான். புதுக்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை போக, சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்துவிடுவாய். எழுதுகிறவர்களின் கைப்பிரதியைப் படித்து, பதிப்பகம் தேடி, மொழிபெயர்க்க ஆள் பிடித்து, ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிற வேலை என்று நான் எத்தனை முறை விளக்கினாலும் ஊரில் யாருக்கும் புரியவில்லை. இந்த மாவட்டத்தில் ஏஜென்சி என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். மயிலாடியிலிருந்து ஒருவர் மகனின் பாஸ்போர்ட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாரே, நினைவிருக்கிறதா?

"எந்த நாட்டுக்கு ஆள் எடுக்கிய?" என்று கேட்டார்.

"பிரான்சுக்கு எடுக்கோம் அண்ணே. ஆனா ஆள் இல்ல, புக்கு," என்றாய் நீ.

அவர் சற்று யோசித்துவிட்டு, "புக்குக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

அவர் போனபிறகு நீ மேசையில் தலையைக் கவிழ்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். பிறகு பல மாதங்களுக்கு, எந்த ஒப்பந்தம் போட்டாலும் அந்தக் கேள்வியை அவர் குரலிலேயே கேட்பாய்.

செய்தி மடலை நான் எழுதினால் நீ திருத்துவாய். 'மாபெரும்', 'உலகத்தரம்', 'நெஞ்சை உலுக்கும்' எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடிப்பாய். "ஏட்டி, நீ செய்தி எழுதுறியா, கல்யாணப் பத்திரிகை எழுதுறியா?" என்பாய். "வித்துப்போச்சுன்னு எழுதாத. யாரு படிச்சா, என்ன சொன்னான்னு எழுது. வித்தது கடைக்காரனுக்குச் செய்தி. படிச்சதுதான் எழுதினவளுக்குச் செய்தி."

உன் அண்ணனை நீ காக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மீசை அரும்பிய வயதில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பிப் போனவர், தலை நரைத்துத் திரும்பினார். அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்றுதான் வீட்டிலும் ஊரிலும் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில்தான் உங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டீர்கள். நீ பி.எட். படித்ததும் அதில்தான். நீ கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது உம்மா அழுது தீர்த்தாள். காக்கா மட்டும் அங்கிருந்து போனில், "அவளுக்கு இஷ்டமில்லன்னா விடுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளில் பெட்டியைப் பிரித்தவள் நீ. உம்மாவுக்காக வாங்கி வந்த கண்ணாடிக் கோப்பைகள் உடையாமலிருக்க ஒவ்வொன்றையும் ஒரு நீலச் சட்டையில் சுற்றி வைத்திருந்தார். ஒரு சட்டையை உதறியபோது அதன் முதுகில் கம்பெனியின் பெயரும், கீழே ஆங்கிலத்தில் துப்புரவுப் பிரிவு என்றும் அச்சடித்திருந்ததைப் பார்த்தாய். அடுத்ததிலும் அதுவே. எல்லாவற்றிலும் அதுவே. அடுக்களையில் பெண்கள் கிண்ணத்தப்பம் அவித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் காக்கா பிள்ளைகளுக்கு மிட்டாய் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ சட்டைகளை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவி அலமாரியில் அடுக்கினாய். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடமும்.

பிறகு எழுத உட்கார்ந்தாய். பள்ளி விடுமுறைகளெல்லாம் அதிலேயே போயின. முடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, "படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாத, மக்கா. கொள்ளாம், நல்லா இருக்குன்னா தலையை மட்டும் ஆட்டு," என்றாய். நான் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் காலையில் உனக்குப் போன் செய்தேன். போனில் தலையை ஆட்ட முடியவில்லை, அழத்தான் முடிந்தது.

சென்னையில் ஒரு பதிப்பகம் தமிழில் போட முன்வந்தது. டெல்லியில் ஒரு பதிப்பகம் ஆங்கிலத்துக்கு ஒப்பந்தம் போட்டது. மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தொடங்கினார். நம் செய்தி மடலில் நீ அனுமதித்தது இரண்டே வரி. அதில் கதைச்சுருக்கம்கூட இல்லை. ஆனால் டெல்லிக்காரர்கள் தங்கள் அறிவிப்பில், ஆசிரியரின் சொந்த அண்ணனுடைய வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை என்று போட்டுவிட்டார்கள். வளைகுடாவில் இருக்கும் உன் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டான். அது ஒரு நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. காக்காவின் மகளுக்குக் குளச்சலிலிருந்து கல்யாண ஆலோசனை வந்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்விதான். அப்படியானால் சூப்பர்வைசர் என்று சொன்னது?

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நீ வந்தாய். உட்காரவில்லை.

"நிறுத்திரு," என்றாய்.

"எதை?"

"புக்கை. தமிழு, இங்கிலீஷு, ரெண்டையும்."

"காக்கா ஏசினாரா?"

"ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பேன். ஒண்ணும் சொல்லல்ல. சாப்பிடும்போ தட்டை எடுத்துட்டு வெளிய போயிட்டாரு. அத்தனை வருசம் அங்க தனியா இருந்து சாப்பிட்ட மனுசன். இப்பம் வீட்டிலயும் தனியா சாப்பிடுதாரு."

"ஒருதடவை அவரு வாசிச்சுப் பாக்கட்டும். அதுக்குப் பிறகு சொல்லட்டும்."

"கையில கொண்டு குடுத்தேன். வாங்கல்ல. 'எனக்க கதை எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டாரு."

மொழிபெயர்ப்பு பாதி முடிந்துவிட்டது என்றேன். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம் என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புக்கு காத்திருக்கும் ஏட்டி. ஆலோசனை காத்திருக்காது. அவ கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம் போகட்டும். பின்ன நானே காக்காகிட்ட உக்காந்து பேசுதேன். பேசிட்டுப் போடுவோம்."

அந்த மாத மடலில், தவிர்க்க இயலாத காரணங்களால் இந்நூல் இப்போது வெளிவரவில்லை என்று எழுதினேன். முதல் மூன்று சொற்களை நீ அடித்தாய். "தவிர்த்திருக்கலாம். நான் முதல்லயே காக்காகிட்ட கேட்டிருந்தா தவிர்த்திருக்கலாம். பொய் எழுதாத." கடைசியில் அந்த வரி, 'இந்நூல் இப்போது வெளிவரவில்லை' என்று போயிற்று. 'இப்போது' என்ற சொல்லை நீ விட்டுவைத்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

புத்தகம் வராது என்றதும் மாப்பிள்ளை வீட்டார் அடங்கினார்கள், கல்யாணம் நன்றாகவே நடந்தது. மணப்பெண்ணுக்கு மருதாணி இட்டவள் நீ. காக்கா மறுபடி கூடத்தில் உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட்டார். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. மறுவருடம் உன் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது.

திருவனந்தபுரத்துக்கு மருத்துவமனைக்குப் போன அந்த ரயில் பயணங்களைத்தான் அதிகம் நினைக்கிறேன். நாகர்கோவிலில் நான் ஏறுவேன். குழித்துறையில் நீயும் காக்காவும் ஏறுவீர்கள். ஸ்கேன் படங்கள் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிர் இருக்கையில் இருப்பார். வண்டி கிளம்பியதும் நீ என் தோளில் சாய்ந்து, "இந்த மாசம் என்ன செய்தி?" என்பாய். நான் மடலை எடுத்து வாசிப்பேன். எழுத்தாளர்களை அகர வரிசையில்தான் போடுவோம். உன் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்துவேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். நம் கவிஞர் ஒருவரின் தொகுப்பு பிரெஞ்சுக்குப் போகிறது என்று வாசித்த அன்று மட்டும் மெல்லச் சிரித்தாய். "மயிலாடிக்காரரு கேட்டாருல்லா? அங்க என்ன வேலைன்னு?"

காக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நீ சொன்ன இரண்டு வருடம் முடியவில்லை. அதற்குள் நீ போய்விட்டாய். உன் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தபோது வாசல்வரை வந்தேன். அதற்கு மேல் பெண்களுக்கு வழியில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒருநாள் காக்கா அலுவலகத்துக்கு வந்தார். மாடியேறி வந்தவர் வாசலிலேயே நின்று, "மேடம், உள்ள வரட்டா?" என்று கேட்டார். ரயிலில் அத்தனை முறை எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். இருந்தும் மேடம். கட்டன் சாயா வரவழைத்தேன். குடிக்கவில்லை.

"எனக்க தங்கச்சி எழுதினது உங்களிட்ட இருக்குமா?"

"இருக்கு காக்கா."

"கடைசியில நான் கேட்டேன், 'என்னைப் பத்தி என்னளா எழுதியிருக்க?'ன்னு. அவளுக்குப் பேச முடியல்ல. 'வாசிச்சுப் பாரு'ன்னு மட்டும் சொன்னா."

அச்செடுத்துக் கொடுத்தேன். துணிக்கடை பிளாஸ்டிக் உறையில் அதைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் படிப்பு அதிகம் இல்லை, மெதுவாகத்தான் வாசிப்பார் என்று நீ சொல்லியிருக்கிறாய். பல வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு மதியம் வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"என்னைப் பத்தி இதுல மோசமா ஒரு வரி இல்லியே தங்கச்சி," என்றார். "இதையா நான் கையில வாங்காம விட்டேன்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஒரு இடம் மட்டும் தப்பா இருக்கு. அந்தச் சட்டை. நான் மறந்துபோய் அதுல கோப்பையைச் சுத்தினேன்னு எழுதியிருக்கா. மறக்கல்ல. சுத்துறதுக்கு வேற துணியா இல்ல? வேணும்னுதான் அதுல சுத்தினேன். வாயைத் திறந்து சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. பெட்டியைத் திறக்கிறவ கண்ணுல அது படும், பாத்துட்டுக் கேப்பா, கேட்டா சொல்லிரலாம்னு நெனச்சேன். கூடத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அவ மடிச்சு அடியில வச்சிட்டா."

பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "இண்ணைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு இருந்தேன். அப்பம்தான் போனுல வருது, அவ ஊருக்கே சொல்லியாச்சுன்னு. எனக்குக் கோவம் அதுக்குத்தான். கக்கூஸ் கழுவினதைச் சொன்னதுக்கு இல்ல."

உனக்கு இது தெரியாது. கேட்டால் அவர் மனம் நோகும் என்று நீ கேட்கவில்லை. கேட்கமாட்டாளா என்று அவர் காத்திருந்தார். ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வழக்கமாக இப்படி ஒரு திருத்தம் வந்தால் அன்றே எழுத்தாளருக்குச் சொல்லிவிடுவது என் வேலை.

"இப்பம் போடலாம்லா?" என்று கேட்டார் காக்கா.

போடலாம் என்று சொன்னேன். அப்போது நானும் நம்பினேன். ஆனால் டெல்லியில் உன் நாவலை விரும்பி எடுத்த ஆசிரியர் அந்த வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் மரியாதையாகத்தான் எழுதினார். முதல் நாவல், எழுதியவர் உயிரோடு இல்லை, விழாக்களுக்கு வரவும் பேட்டி கொடுக்கவும் ஆளில்லை, எப்படி விற்பது என்று கேட்டிருந்தார். சென்னைக்காரர் போனில், "வளைகுடாக் கதை நிறைய வந்தாச்சும்மா" என்றார். பாதியில் நிறுத்திய மொழிபெயர்ப்பாளர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. இயந்திரம் செய்வதைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும் என்கிறார்களாம், மனம் வெறுத்துவிட்டார். நான் கடிதம் எழுதாத பதிப்பகம் இல்லை. பலர் பதிலே போடவில்லை.

"யாரும் வேண்டாம். நானே அச்சடிக்கேன்," என்றார் காக்கா. அட்டைக்கு என்ன படம் போடலாம் என்றுகூடப் பேசினோம். அவருக்குக் கடல் வேண்டாமாம், அந்த நீலச் சட்டை போதுமாம். அதற்குள் மகளுக்குத் தெரிந்துவிட்டது. குளச்சலிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள், அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாளாம். "வாப்பா, உங்களுக்கு இப்பம் வெக்கம் போயிட்டு. நான் அங்க வாழாண்டாமா? பொய் சொல்லிக் கட்டி வச்சாவன்னு அந்த வீட்டுல இப்பவும் சொல்லுதாவ. புக்கும் வந்தா நான் எங்க போவேன்?" யாருக்காக நீ நிறுத்தினாயோ அவளே மறுபடியும் நிறுத்தினாள். அவளைக் குறைசொல்ல முடியவில்லை. காக்காவுக்கும் முடியவில்லை.

அதன்பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அச்சு வேண்டாம். ஊருக்குள்ள யாருக்கும் குடுக்காண்டாம். தூரத்துல, நம்மளைத் தெரியாத யாராவது, ஒருத்தராவது வாசிக்கட்டும். வாசிச்சிட்டு என்ன தோணுச்சுன்னு சொன்னாப் போதும்." எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்களுக்கு, வெளியூரில் இருப்பவர்களுக்கு, மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன் என்று ஓரிருவர் எழுதினார்கள். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அலுவலகத்தை மூடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுதுகிறவர்கள் தங்கள் செய்தியைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். பதிப்பகங்கள் என் கடிதங்களைத் திறப்பதில்லை. அடுத்த மாதம் முதல் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறேன். உன் நாவல் என் கணினியில் இருக்கிறது, இன்னொரு பிரதி காக்காவின் அலமாரியில். சில பக்கங்கள் எனக்கு மனப்பாடமாகவே தெரியும். அது யாருக்கு உதவும் என்பதுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காக்கா போன் செய்வார், ரயிலில் நீ கேட்டதையே கேட்பார். இன்றும் செய்தார்.

"வல்லதும் செய்தி உண்டா தங்கச்சி?"

"இல்ல காக்கா."

"யாராவது வாசிச்சாவளா?"

"அனுப்பியிருக்கேன். பதில் வரல்ல."

"சரி. வாசிக்க நாளாகும்லா. நான் வாசிக்கவே எவ்வளவு நாளாச்சு."

பிறகு கேட்டார், "நீங்க ஆபீசை அடைச்சாலும் போனை எடுப்பியளா?"

"எடுப்பேன் காக்கா," என்றேன்.